ஓமந்தையில் திரும்பிய மூச்சு

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் வயல் செய்பவன் நான். மாரி வந்தாலே என் மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும். போன மாரியில் அவளை வவுனியா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஓமந்தையை நெருங்கும்போது சளி தொண்டையை அடைத்து, மூச்செடுக்க முடியாமல் அவள் உதடுகள் நீலமாகிவிட்டன. நான் அலறிவிட்டேன்.

அதே பஸ்ஸில் வந்த ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் ஓடிவந்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. தலை கீழே தொங்க, குப்புறப் பிடியுங்கோ."

நான் அப்படியே பிடிக்க, அவர் கையைக் குழித்து அவள் முதுகில் தட்டினார். கட்டிச்சளி வெளியே விழுந்தது, மூச்சும் வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து தந்து, தினமும் அப்படித் தட்டவும் சொன்னார். இப்போது காலையில் அதைச் செய்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். "காணும் விடுங்கோ, உங்கடை கை நோகப்போகுது" என்பாள்.

பதற்றத்தில் அந்தத் தாதியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இதை வாசித்தால், என் மனைவி நலமாயிருக்கிறாள் என்று அவர் அறியட்டும்.