திருவாதவூரிலிருந்து மகளிர் கோர்ட்டுக்கு, ஒரே பஸ்ஸில்

ஊர் சுற்றப் போன கதை இல்லை இது. என் தங்கச்சி பாண்டிச்செல்வியின் கையை அவள் புருஷன் முறித்து, வீட்டைவிட்டு விரட்டி நாலு மாசம். அதே ஊரில் என் வீட்டில்தான் இருந்தாள். குடும்ப வன்முறைச் சட்டம் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் வீட்டுக்குள் திரும்பப் போக உத்தரவு கேட்டு மனுப் போட்டோம். போன ஆடியில் விசாரணைக்குப் போய்வந்ததை, இனிமேல் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

திருவாதவூரில் காலை 7.10 பஸ். அதை விட்டால் ஒன்பதரைதான், கோர்ட்டுக்கு ஆகாது. அதனால் அவள் புருஷனும் அதிலேயே ஏறினான். நாங்கள் முன்னால், அவன் பின்னால். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு 25 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஏழு ரூபாய். நான் சில்லறை தேடுவதற்குள் கண்டக்டர், "பின்னாடி அண்ணே எடுத்துட்டாரும்மா" என்று இரண்டு டிக்கெட்டை நீட்டினார். பொம்பளைகளுக்கு வீட்டு ஆம்பளை பின்னாலிருந்து எடுப்பது எங்கள் பக்கம் வழக்கம்தானே. பஸ்ஸில் எதுக்கு வம்பு என்று வாங்கிக்கொண்டேன். புத்தி கெட்டவள் நான்.

மாட்டுத்தாவணியிலிருந்து மகளிர் கோர்ட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். விவாகரத்து பார்க்கும் குடும்பநலக் கோர்ட் வேறு, இது வேறு, வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். பன்னிரண்டேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள்.

அவன் வக்கீல் எழுந்ததும் டிக்கெட்டைத்தான் பிடித்தார். "ஒரே பஸ்ல வந்தாங்க, இவர்தான் டிக்கெட் எடுத்தாரு. சமாதானம் ஆயிட்டாங்கம்மா, இந்த மனு இனிமே தேவையில்ல." எழப்போன என்னை எங்கள் வக்கீலம்மா கையைப் பிடித்து அமர்த்தினார்.

நீதிபதியம்மா தங்கச்சியிடமே கேட்டார். "டிக்கெட் அவர் எடுத்தாரா?"

"ஆமாங்கம்மா. பஸ்ஸே பாக்கத்தான் எடுத்தாரு. கைய முறிச்சப்ப மட்டும் கதவச் சாத்திட்டாரு."

நீதிபதியம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று மணிக்கு இடைக்கால உத்தரவு வந்தது: அவளை வீட்டுக்குள் விடவேண்டும், அவன் கை ஓங்கக் கூடாது. நான்தான் அழுதேன், அவள் அழவில்லை.

திரும்ப 4.40 பஸ். அவனும் ஏறினான். அதே கண்டக்டர், அதே பேச்சு: "அண்ணே எடுத்துட்டாரும்மா." தங்கச்சி கையை நீட்டவே இல்லை. "எங்களுக்கு நானே எடுத்துக்கிறேண்ணே. திருவாதவூர் ரெண்டு" என்று பதினாலு ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். அவர் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

போகிறவர்கள் ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு இரண்டுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், சாயங்காலம்வரை ஆகும். பஸ்ஸில் ஏறியதும், யார் எடுத்தேன் என்று சொன்னாலும், உங்கள் டிக்கெட்டை நீங்களே எடுங்கள்.