மலை ஏறாத காரும் மல்லாட்டை தூற்றிய ஃபேனும்

1. பாதி மலை

மயிலம் மலைப் பாதையில் பாதி தூரம் போனதும் கார் நின்றுவிட்டது. இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் ஏகாம்பரத்தின் கார். அவர் அப்பா வாங்கிய கறுப்பு வண்டி. நான் விழுப்புரத்தில் பழைய கார் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் செல்விக்கு மலைக்கோயிலில் கல்யாணம். கல்யாணப் பெண்ணே இந்தக் காரை ஓட்டிக்கொண்டு மேலே போக வேண்டும். அதற்குத்தான் அன்றைக்கு வெள்ளோட்டம்.

"மாப்பிள்ளையோட சித்தப்பா புது ஏசி வண்டி அனுப்பறேன்னாரு. எங்க வண்டி ஏறும்னு வீம்பா சொல்லிட்டு வந்துட்டேன்," என்றார் ஏகாம்பரம்.

ஸ்டியரிங்கில் இருந்த செல்வி சிரித்தாள். "தள்றதுக்கு நாலு ஆளு அனுப்பட்டுமான்னாரே, அதையும் சொல்லுப்பா." பிறகு என்னைப் பார்த்தாள். "ஓட்டக் கத்துக்கினது இதுலதான். எப்படியாவது ஏத்திக் குடுங்க."

2. எட்டு றெக்கை

ஷெட்டில் பானட்டைத் திறந்தேன். பிளக் சரி. கார்பரேட்டர் சரி. கிளட்ச் சரி. ஆக்சிலேட்டரை ஏற்றினேன். லாரி வருவதுபோலச் சத்தம். என் சட்டை பறந்தது.

"இந்த ஃபேனு யாரு போட்டது?"

"நான்தான். போன வெயில்ல ஹீட் ஆச்சு. டிராக்டர் ஃபேனு, எட்டு றெக்கை. இப்ப ஜில்லுனு இருக்குதில்ல?"

"ஜில்லுனுதான் இருக்குது மொதலாளி. ஏறலையே."

ஃபேன் சும்மா சுற்றாது. பெல்ட் போட்டு இன்ஜின்தான் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம் பவர் தின்னும். வேகம் ஏற ஏறப் பல மடங்கு தின்னும். டிராக்டர் இன்ஜின் மெதுவாக ஓடுவது, அதற்கு அந்த ஃபேன் பொருந்தும். காரை ஃபர்ஸ்ட் கியரில் போட்டு மிதிக்கும்போது, சக்கரத்துக்குப் போக வேண்டியதை ஃபேன் தின்றுவிடுகிறது.

ரேடியேட்டரைக் கழற்றினேன். உள்ளே பாதிக் குழாய் உப்பு. போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார். ஹீட் ஆனது இதனால்தான். கம்பி விட்டுக் குத்திக் கழுவினேன்.

"பழைய ஃபேனு எங்க?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "மண்டியில சுத்திக்கினு இருக்குது."

3. சரோஜாம்மா

மண்டியில் அந்தப் பழைய ஃபேனைக் கரன்ட் மோட்டாரில் மாட்டி மல்லாட்டை தூற்றிக்கொண்டிருந்தார்கள். சருகு பறந்தது. காய் நேராக விழுந்தது. ஏகாம்பரத்தின் மனைவி சரோஜாம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அதுமேல கை வெக்காதீங்கண்ணே. சீசனு. கல்யாணம் ஒரு நாளு, மல்லாட்டை தினம்."

"உன் பொண்ணு கல்யாணம்டி!" என்றார் ஏகாம்பரம்.

"அதான் ஏசி வண்டி வருதில்ல?"

"அதுல நான் பின்னால பொம்மையாட்டம் உக்காந்துக்கினு போவணும்மா," என்றாள் செல்வி.

சரோஜாம்மா மகளைப் பார்த்தார். போய் சுவிட்சை அணைத்தார்.

"பதிலுக்கு என்னா மாட்டுவீங்க?"

"டிராக்டர் ஃபேனு இருக்குதும்மா."

4. மேலே

ஞாயிறு காலை. பட்டுப்புடவையோடு செல்வி ஸ்டியரிங்கில். அப்பாவும் அம்மாவும் பின்னால். நான் முன்னால், மடியில் தண்ணீர் கேன். நான் வைத்த கல் ஓரமாகக் கிடந்தது. கார் அதைத் தாண்டியது. ஹீட் முள் கொஞ்சம் ஏறி நின்றுகொண்டது. கேனைத் திறக்கவில்லை.

மேலே மாப்பிள்ளையின் சித்தப்பா காரைச் சுற்றி வந்தார். "தள்ளின ஆளுங்க எங்கம்மா?"

"பின்னாடி குந்திக்கினு இருக்காங்க பாருங்க மாமா," என்று பெற்றவர்களைக் காட்டினாள் செல்வி. சித்தப்பாவே முதலில் சிரித்தார்.

மறுநாள் சரோஜாம்மா போன் செய்தார். "அண்ணே, உங்க டிராக்டர் ஃபேனுல சருகோட காயும் பறக்குது. பக்கத்து ஊட்டு மாடு நின்னு தின்னுக்கினு இருக்குது. ஜல்தி வாங்க."

போனேன். ஃபேனுக்குப் பெரிய புல்லிச் சக்கரம் போட்டு வேகத்தைக் குறைத்தேன். காய் விழுந்தது. மாடு போகவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வண்டி ஏறவில்லை என்றால் உடனே இன்ஜினைப் பிரிக்காதீர்கள். முன்னால் என்ன சுற்றுகிறது என்று பாருங்கள். சூடானால் பெரிய ஃபேன் தேடாதீர்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஆறிய பிறகு.