பேட்டரிக்காரரின் கைகள்

அடையாற்று ஓரத்தில் பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயம் எடுப்பவர் அவர். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் எங்கள் ஆய்வில், அவருடைய மூன்று வயது மகளுக்கு அளவு மிக அதிகமாக வந்தது. "வேலைத் துணியோட வீட்டுக்குள்ள போகாதீங்க. குளிச்சிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

சில மாதங்கள் கழித்து, மறுபரிசோதனையின் முடிவைக் கேட்க மகளோடு வந்தார். சலவைச் சட்டை. தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த விரல்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். குழந்தை அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

"குளிச்சிட்டுத் தூக்கலாமே?" என்றேன்.

"குளிச்சாலும் தூக்கறதில்ல சார். பயமா கீது."

"ஈயம் நல்லா குறைஞ்சிருக்கு" என்றேன். நல்ல செய்தி சொல்கிற உற்சாகம் எனக்கு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ என் கையாலதான் பாப்பாவுக்கு ஈயம் போய்க்கீது, இல்ல சார்?"

அந்த எண்ணுக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று நான் யோசித்திருக்கவேயில்லை. "இப்ப தூக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் கட்டிய கைகளைப் பிரிக்கவில்லை. குழந்தை சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தது.

இப்போதும் ஒரு தகப்பனிடம் அளவு குறைந்துவிட்டது என்று சொல்லும்போது, என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன.