வாசலில் ஒரு மஞ்சள் துணி

1968ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், மணமாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த சில நாள்களில், பக்கத்து வீட்டுக் கினுயேயை முதன்முதலாகக் கண்டேன். மாமியார் சொற்படி முற்றத்துக் கம்பியில் கணவாய் மீன்களைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் நின்று அவள் சிரித்தாள்.

“பட்டணத்து அக்கா, இப்படி ஒட்டி ஒட்டி மாட்டினா காயாது, நாறும். கணவாய்க்கும் மூச்சுவிட இடம் வேணும்ல?”

அன்றுமுதல் நான் அவளுக்கு அக்கா.

அவள் கணவன் ஷிகேஜி ஒரு குளிர்காலத்தில் கடலுக்குச் சென்று திரும்பவில்லை; படகின் பலகையொன்றே கரை ஒதுங்கியது. பிள்ளைகள் இல்லை. துறைமுகக் கொட்டகையில் மீன் அரிந்தே முதுமையை எட்டினாள்.

எங்கள் ஊரில் தனியாக வாழும் முதியோர் காலையில் வாசலில் மஞ்சள் துணியொன்றைக் கட்டுவர், மாலையில் அவிழ்ப்பர். துணி தொங்கினால் உள்ளே இருப்பவர் நலம் என்று பொருள். நலமாயிருப்பவரின் கதவைத் தட்டித் தொந்தரவு செய்வது எங்களிடையே மரியாதை ஆகாது.

பின்னர் ஏதோவொரு பத்திரிகை எங்களுடையதை ‘நிதானமாக வாழும் ஊர்’ என்று எழுதவே, விருந்தினர் வரத் தொடங்கினர்.

“முட்டிவலியில மெதுவா நடக்கறோம். அதைப் பாக்க ரயிலேறி வர்றாங்களே!” என்பாள் கினுயே.

சென்ற பிப்ரவரியில் எதிர் விடுதியில் ஓர் இளம்பெண் தங்கினாள். மாலை மழையில் கினுயேயின் துணி நனைவதைக் கண்டு, அவிழ்த்து உலர்த்தி, காலையில் மீண்டும் கட்டினாள். அழகுக்காகக் கட்டிய துணியென்றே எண்ணியிருந்தாள். மழை நிற்காததால் மறுநாள் மாலையும் அவிழ்த்து விடுதியில் உலர்த்தினாள். துணியைத் திரும்பக் கட்டாமலே அவள் ஊர் திரும்பிய காலையில் வாசல் வெறுமையாக இருந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். முதல் நாள் மழையின்போதே வழுக்கி விழுந்த கினுயே, இடுப்பெலும்பு முறிந்து, குளியலறையின் குளிர்ந்த தரையில் கிடந்தாள்.

மருத்துவமனையில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியது.

“நீங்க தெருவுல பேசினது கேட்டுச்சு அக்கா. ‘கினுயே துணி கட்டிட்டா, நல்லாத்தான் இருக்கா’ன்னு மீன்காரர்கிட்ட சொன்னீங்க. கத்திப் பாத்தேன். குரல் வரல.”

துணியைக் கட்டியது விடுதியில் தங்கிய பெண் என்று விடுதிக்காரர் வாயிலாக நான் அறிந்ததைச் சொன்னேன்.

“நல்ல பொண்ணு. மழை வந்தா என் புருஷன்கூட ஒருநாளும் துணி எடுத்துவெச்சதில்ல.”

சிரிக்க முயன்றாள், இருமல்தான் வந்தது.

மாலையில் செவிலி வந்து, நோயாளி அமைதியாக உறங்கட்டும் என்று கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். கினுயே என் கையைப் பற்றினாள்.

“மூட வேணாம்னு சொல்லுங்க அக்கா. போறவங்க வர்றவங்க என்னைப் பாத்துட்டுப் போகட்டும்.”