ஒரு சைஸ் பெரிய டயர்

என் வீட்டுக்காரர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். விடிகாலையில் புருஷனுக்கு டீ போட்டுக் கொடுத்து வண்டியோடு அனுப்பிவிட்டு, அவர் சயான் சிக்னலைத் தாண்டினாரா இல்லையா என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

எங்களிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. வாசி மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டும் கறிவேப்பிலையும் ஏற்றிவந்து மாட்டுங்கா கடைகளில் இறக்குவது அவர் வேலை. அந்த மழைக்காலம் தொடங்கும்போது நாலு டயரும் தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டிருந்தன. செம்பூர் சிக்னலில் பிரேக் போட்டும் நிற்காமல் வண்டி வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற ஆட்டோவை ஒட்டி நின்றதாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டயர் வாங்க நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்துக் கூடவே போனேன். கடையில் தரையிலிருந்து கூரைவரை டயர்தான். டயரின் பக்கவாட்டில் எண்கள் இருக்கும் என்பதையே அன்றுதான் கவனித்தேன். எங்கள் பழைய டயரில் 195/80 ஆர் 15 என்று இருந்தது. முதல் எண் அகலம். நடுவில் இருப்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கிற இரும்பு வளையத்தின் அளவு. கேட்கக் கேட்கக் கடைக்காரர் சலிக்காமல் சொன்னார்.

அதே அளவை வாங்கிவிடலாம் என்றேன். வண்டிக் கதவை ஒட்டிய தகட்டிலும் அந்த அளவுதான் போட்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அதைவிடப் பெரிய 235/75 மேல் கண். போன வருஷம் கிங் சர்க்கிளில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோய், இலைக்கட்டு முழுக்க அழுகிப்போனதை அவர் மறக்கவில்லை.

"வண்டி கொஞ்சம் ஒசந்து நின்னா தண்ணிக்குள்ள தைரியமா போலாம்லா."

"பெருசா போட்டா திரும்பும்போது எங்கயாவது உரசாதா?" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "டென்ஷன் மத் லோ, பாபி. குச் நஹி ஹோகா."

கவலைப்படாதே, ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலை கூடும்.

பெரிய டயரே மாட்டியாயிற்று. முதல் முறை லோடு ஏற்றியபோது நானும் முன்சீட்டில் இருந்தேன். வடாலாவில் ஒரு வளைவில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னாலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். கூடவே ரப்பர் தீய்கிற வாடை. டயர் அதன் மேலிருக்கும் மட்கார்டில் உரசியிருந்தது. பட்டென்று வெடித்து வண்டி ரோட்டில் கவிழ்ந்து கிடப்பது மாதிரி என் கண்ணுக்குள் ஓடியது. வீட்டுக்கு வந்து புலம்பினேன், அழுதேன், அவரைத் தூங்க விடவில்லை. கடைசியில் அவர் மெக்கானிக்கிடம் போய்ப் பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை வைத்து வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு டயர் உரசவில்லை.

"எல்லாம் ஒனக்காகத்தாம்ட்டி. இனிமேயாவது வாய மூடிட்டுக் கெட" என்றார்.

வண்டி நன்றாகவே உயர்ந்துவிட்டது. முன்பெல்லாம் இலைக்கட்டைத் தூக்கி அப்படியே பின்தட்டில் வைத்துவிடுவேன். இப்போது குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. "ஒனக்கு ஒரு ஸ்டூலு வாங்கித் தாரேன்" என்று கேலி பேசினார். நானும் சிரித்தேன்.

செப்டம்பரில் மாதா திருவிழா வந்தது. எங்கள் சந்தில் மாதா சப்பரத்துக்கு எப்போதும் எங்கள் வண்டிதான். பின்தட்டில் இரும்புக் கம்பிகளால் கூடாரம் மாதிரி கட்டி, உச்சியில் இரும்புச் சிலுவை வைத்து, பூவும் பல்பும் சுற்றுவார்கள். உள்ளே வைக்கிற மாதா சுரூபத்தின் காலடியில் இரண்டு பெண்பிள்ளைகள் தேவதூதர் மாதிரி இறக்கை கட்டிக்கொண்டு சம்மனசாக நிற்பார்கள். அந்த வருஷம் அதில் ஒருத்தி என் மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

வண்டியில் அவளை ஏற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். இந்த உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆவது? கூடாரத்துக் கம்பி ஒன்றை அவள் கையில் பிடித்துக் கொடுத்தேன்.

"இத விடவே கூடாது, கேட்டியா? என்ன ஆனாலும் கைய எடுக்கப்பிடாது. அம்மா பின்னாலயேதான் வாரேன்."

சரி என்று தலையாட்டினாள்.

எங்கள் சந்தில் மேலே பார்த்தால் வானம் தெரியாது, வயர்தான் தெரியும். அதனால் சப்பரத்துக்கு முன்னால் கோயில் உபதேசியார் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எங்கள் வண்டிமேல் முதன்முதலாகச் சப்பரம் கட்டிய வருஷம், சிலுவையின் உச்சிக்கு இரண்டு விரல் கூடுதலாக அளந்து வெட்டிய மூங்கில் அது. வயருக்கு அடியில் மூங்கில் போய்விட்டால் சப்பரமும் போகும். "வரட்டும்" என்று அவர் குரல் கொடுப்பார், வண்டி நகரும். யாரும் சிலுவையை அண்ணாந்து பார்ப்பதில்லை, மூங்கிலைத்தான் பார்ப்பார்கள்.

இருட்டத் தொடங்கும்போது சப்பரம் புறப்பட்டது. பேண்டு முழங்கியது. முதலில் குறுக்கே ஒரு தாள் தோரணம். மூங்கில் அதில் படாமல் அடியில் போனது. "வரட்டும்!" வண்டி போனது. சிலுவை தோரணத்தை இழுத்து அறுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூங்கில் போன இடத்தில் சிலுவை எப்படிச் சிக்கும்? சிலுவையில் தொங்கிய சிவப்புத் தாளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் ஸ்டூல் ஞாபகம் வந்தது. ஐயோ மாதாவே! அந்த மூங்கில் பழைய டயருக்கு வெட்டியது.

முன்னால் பட்டறை வளைவு. அங்கே மீட்டர் பெட்டியிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒரு கரண்ட் வயர் குறுக்கே போகும். தோல் உரிந்து செம்பு தெரிகிற வயர். எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால் சந்து முழுக்கச் சீரியல் பல்பு அணைந்துவிடும் என்பதால் திருவிழாவில் அதை நிறுத்துவதில்லை. மூங்கில்தான் இருக்கிறதே!

மூங்கில் அந்த வயருக்கு அடியில் மயிரிழையில் போனது. "வரட்டும்!"

கத்தினேன். பேண்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வண்டிக் கதவைத் தட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, அப்புறம் என்று கையைக் காட்டினார். வேறு வழி தெரியவில்லை. முன்னால் போய் இரண்டு கையையும் பானட்டில் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டேன். வண்டி என்னை ஓர் அடி தள்ளிவிட்டு நின்றது.

"ஏட்டி, ஒனக்குக் கூறு கெட்டுப் போச்சா?"

"பிள்ளைய எறக்குங்க! மொதல்ல பிள்ளைய எறக்குங்க!"

உபதேசியாருக்குக் கோபம். "மூங்கி போய்ட்டுல்லாம்மா? பொறவு என்ன?"

"சப்பரத்துப் பக்கத்துல நட்டுப் பாருங்க. டயரு மாத்தியாச்சு, பட்டை வச்சு ஒசத்தியாச்சு. ஒங்க மூங்கி வளரலையே!"

நட்டுப் பார்த்தார். மூங்கிலின் நுனிக்கு மேலே சிலுவை இரண்டு விரல் உயர்ந்து நின்றது. வண்டி இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் சிலுவை வயரில் இடித்திருக்கும். பேண்டு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. என் வீட்டுக்காரர் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை. பின்தட்டில் ஏறி இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக் கீழே கொடுத்தார்.

யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். சந்து இருண்டது. கையிலிருந்த மெழுகுவத்திகள் மட்டும் எரிய, அவர் வண்டியை மெதுவாக உருட்டினார். செத்துக் கிடந்த அந்த வயரைச் சிலுவை உரசிக்கொண்டு போனது. 'சர்ர்ர்' என்று சன்னமாக ஒரு சத்தம். வடாலாவில் கேட்ட அதே சத்தம்.

ஒரு வாசற்படியில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அவளுக்கு நடந்தது ஒன்றும் புரியவில்லை. இறக்கை கசங்கிவிட்டது என்றுதான் வருத்தம். பிறகு என் முகத்தைத் திருப்பி, வலது உள்ளங்கையை மெழுகுவத்தி வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். நான் பிடித்துக் கொடுத்த கம்பியின் துரு ஒரு கோடாக அதில் ஒட்டியிருந்தது.

"பாத்தியாம்மா? நீ சொன்ன மாதிரி ஒரு தடவகூட விடல."