புல்லுக்குள் மஞ்சள் கார்

சவேத்தா கெராசிமின் பெயரை முதன்முதலில் கேட்டது தன் கல்யாணப் பேச்சில்தான். மாப்பிள்ளை இலாரியின் பெயரைச் சொல்லுமுன்பே, "கார் வெச்சிருக்கானே கெராசிம், அவன் தம்பிதான் பையன்" என்று ஆரம்பித்தாள் பெண் கேட்டு வந்தவள். புக்கோவினா மலைநாட்டின் அந்தச் சரிவில் வேறு எவரிடமும் கார் கிடையாது. கெராசிம் காட்டில் மரம் வெட்டிச் சம்பாதித்ததையெல்லாம் அந்த மஞ்சள் காரில் போட்டவர். பெண்டாட்டி, பிள்ளை என்று எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பெட்ரோல் தட்டுப்பாட்டால், பனிக்காலத்தில் சொந்தக் கார் ஓட்டக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருந்த வருஷங்கள் அவை. அதனால் இலை உதிரத் தொடங்கியதும் கெராசிம் காரைத் தொழுவத்தில் மரக்கட்டைகள்மேல் ஏற்றி, எஞ்சின் தண்ணீரை வடித்து, பேட்டரியைக் கழற்றித் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வார்.

சவேத்தா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபின் ஒரு வருஷம், தொழுவத்துப் பலகை இடுக்கு வழியே பனி பறந்து வந்து படியுமே என்று, இரண்டாம் அறுப்புப் புல்லைக் காரைச் சுற்றிக் கூரை வரை அடைத்துவிட்டார். மழைக்குப் பயந்து அரையீரத்தில் வாரிக்கொண்டு வந்த புல். தான் மட்டும் ஊர்ந்து போய்ப் பார்த்துவர ஒரு பொந்து விட்டிருந்தார்.

"அடைச்சு வெச்ச ஈரப்புல்லு தானாச் சூடேறும் பெரியத்தான்," என்றாள் சவேத்தா.

"ஏறட்டும். காருக்கும் குளிருமில்ல?"

"அப்படியே ஒரு தாலாட்டும் பாடிட்டு வாண்ணே," என்றான் இலாரி.

முதல் பனி விழுந்தபின், பால் கறக்கப் போகும்போதெல்லாம் அவளுக்கு ஒரு வாசனை வந்தது. தீய்ந்த ரொட்டியும் புகையிலையும் கலந்தாற்போல. பசு ஓரிடத்தில் நிற்காமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தது. சொன்னால் கெராசிம் சிரித்தார். "வயித்துல புள்ள இருக்கறவளுக்கு எல்லாந்தான் நாறும்."

ஒரு காலையில் பால் செம்போடு வெளியே வந்தவள் தொழுவத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஊர் முழுக்க வெள்ளையாகக் கிடக்க, புல்லுக்கு நேர்மேலே மட்டும் பனி உருகி, வட்டமாகக் கறுப்புப் பலகை தெரிந்தது. அதிலிருந்து ஆவி எழும்பியது. செம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

இலாரி ஓடி வந்து கடப்பாரையைப் புல்லுக்குள் செருகி உருவினான். முனையைத் தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிரித்தால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். விட்டாலும் பற்றத்தான் போகிறது. பத்தடியில் வீடு. பசுவை அவிழ்த்து விரட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினான்.

அதற்குள் கெராசிமும் வந்து நின்றார். "டிக்கில ரெண்டு கேன் பெட்ரோல் இருக்கு, தாயி. யாருக்கும் தெரியாம சேர்த்தது."

  சவேத்தா பசுவின் கயிற்றை அவர் இடுப்பில் கட்டினாள். அவர் பொந்துக்குள் ஊர்ந்து போனார். கயிறு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. ஒரு கேன் வந்தது. மறுபடி போனார். இந்த முறை கயிறு தொய்ந்து கிடந்தது.

"பெரியத்தான்! பெரியத்தான்!"

உள்ளே இருமல் கேட்டது. பலங்கொண்டமட்டும் இழுத்தாள். புருவம் பொசுங்கி, கேனை நெஞ்சோடு அணைத்தபடி அவர் வெளியே வந்து விழுந்தார். அப்போதுதான் புல்லுக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டாற்போல ஒரு சத்தம் வந்து, புல் பற்றிக்கொண்டது.

"கட்டையத் தட்டிவிட்டா கார் உருண்டு வந்துரும். விடு புள்ள!" என்று திரும்பவும் எழுந்தார் கெராசிம்.

அவள் கயிற்றின் மறுமுனையை முற்றத்துப் பிளம் மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"கன்னுக்குட்டியக் கட்டற மாதிரி கட்டிட்டியேடி, பாவி! அவுத்து விடு!"

அவள் அவிழ்க்கவில்லை. ஊரார் வந்து வீட்டுக் கூரைமேல் பனியை வாரி வாரி இறைத்தார்கள். வீடு தப்பியது. தொழுவம் காரோடு எரிந்து உட்கார்ந்தது. மரத்தடியில் கட்டுண்டபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் கெராசிம்.

பனிக்காலம் முழுக்க அவர் சவேத்தாவோடு பேசவில்லை. குழந்தை பிறந்த அன்றைக்கு வாசலில் வந்து நின்று, "எவ்வளவு பலம் உனக்கு," என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். சவேத்தாவின் வீட்டில், அடுப்பை ஒட்டிய அறையில் இருக்கிறார்.