மாத்திரையைக் கொட்டிய கை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் துபாய் பக்கம் அல் ஐனில் எங்கள் ரூமில் வெள்ளிக்கிழமை ஜெபத்தை நடத்தியது நான்தான். ஒரு கிளீனிங் கம்பெனியின் லேடீஸ் கேம்ப் அது. ரூமுக்கு ஆறு பேர். தொண்ணூறுகளின் நடுவில் நான்கு வருடம் அங்கே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது. காலையில் கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்து உட்காருவோம். தேங்காய் எண்ணெயை ஜெபித்து ஒவ்வொருத்தி நெற்றியிலும் தொட்டு வைப்பேன். வலி என்று யார் வந்தாலும் ஆண்டவரிடம் கெஞ்ச மாட்டேன். இயேசுவின் நாமத்தைச் சொல்லி, "போ" என்று வலியை அதட்டுவேன். வானத்திலும் பூமியிலும் அவருக்கு அடங்காதது எது? அவர் பிள்ளை சொன்னாலும் அடங்கத்தானே வேண்டும்? அப்படித்தான் நினைத்திருந்தேன். சிலருக்கு வலி விட்டும் போயிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை. பொய் சொல்லுவானேன்.

பக்கத்துக் கட்டிலில் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரையைப் பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்து விழுங்குவாள். கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, நூறு சிப்பாய்களுக்குத் தலைவன் ஒருவன் தன் வேலைக்காரனுக்காக ஆண்டவரிடம் வந்த கதையை வாசித்தேன். நீர் வீட்டுக்கு வர வேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்கிறான் அவன். வேலைக்காரன் பிழைக்கிறான்.

"எனக்கும் அப்படி ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்றாள் அவள்.

தலையில் கை வைத்து வலிப்பை அதட்டினேன். அழுதாள். மறுநாள் காலையில் பார்த்தால், கையில் பவுடர் டப்பா.

"ஏட்டி, சொகமான பொறவும் மாத்திரையா? அவரு அதிகாரத்துக்கு என்னட்டி மதிப்பு?"

"பயமா இருக்குக்கா."

"பயந்தவளுக்கு அற்புதம் கெடையாது."

டப்பாவை நீட்டினாள். நானே கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த எங்கள் ரூம் இலங்கைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கொட்டச் சொல்லி ஆண்டவரோ சொன்னவர்? நீங்களெல்லோ சொல்லுறீங்கள்."

"ஒன் வாயக் கழுவுற வேலையப் பாருட்டி" என்றேன்.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பக்கத்து ரூமில் போய் அதைச் சாட்சியாகவே சொன்னேன். பத்தாம் நாள் ஒரு பள்ளிக்கூட மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் வாளியோடு உருண்டாள். வலிப்பு நிற்கவே இல்லை. ஒன்று அடங்குமுன் அடுத்தது. பத்து படி கீழே நின்ற நான் இயேசுவின் நாமத்தைச் சொல்லிக் கத்தினேன். எதுவும் அடங்கவில்லை. ஆம்புலன்ஸ்தான் வந்தது.

பிழைத்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சூப்பர்வைசர் ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே, "கலாஸ், கேன்சல்" என்றான். முடிந்தது, ஊருக்கு அனுப்பு என்று அர்த்தம்.

அந்த நாட்களில் அதே கதையைத் திரும்பக் கூட்டி வாசித்தேன். நூறு பேரை ஏவுகிறவன், தன் வீட்டு நோயை ஒரு வார்த்தை ஏவவில்லை. ஏவுகிறவர் யார் என்று தெரிந்து, அவரிடம் கேட்டுவிட்டு நின்றான். நான் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

அவளைப் பார்க்கப் போனேன். வாய் கோணிப் பேசினாள். "எனக்குத்தான் விசுவாசம் பத்தலக்கா. இன்னொரு தடவ அதட்டுங்க."

முழங்கால் போட்டேன். ஆண்டவரிடம் கேட்டேன், அவ்வளவுதான். அவள் கண் திறந்தாள்.

"என்னக்கா, அதிகாரமா சொல்லலியே?"

"அதிகாரம் அவருக்குட்டி. எனக்குக் கெடையாது. ஒன் விசுவாசத்துல குத்தமில்ல, நாந்தான் தப்பாச் சொன்னேன். நர்ஸ் தார மாத்திரையத் தின்னு."

"பயந்தவளுக்கு அற்புதம் கெடையாதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க" என்றாள். நர்ஸ் மாத்திரையோடு வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டாள்.